நீல் தீவில் ஒரு மாதம்: சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்குப் படிப்படியாக

அந்தமானில் உள்ள நீல் தீவில் ஒரு மாதம் இருந்துவிட்டு நானும் அம்மாவும் பெரம்பூருக்குத் திரும்பிச் சில வாரங்கள்தான் ஆகின்றன. மூன்று நாள் சுற்றுலாவுக்குப் போகிறவர்களுக்கு வழி சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். அங்கேயே வீடு எடுத்து, சமைத்து, கடைக்குப் போய், அந்த ஊர் ஆட்களைப் போல நாட்களைக் கழிக்க நினைக்கிறவர்களுக்குச் சொல்லத்தான் ஆளில்லை. நாங்கள் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். அதே இடங்களில் நீங்கள் தடுமாற வேண்டாம்.

இடத்தைப் பற்றி இரண்டே வரி. தீவின் பரப்பு 13 சதுர கிலோமீட்டர் சொச்சம். 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 3,000 பேர். பெரும்பாலும் வங்காளிக் குடும்பங்கள், விவசாயம்தான் தொழில். அந்தமானுக்குக் காய்கறி தரும் தீவு என்றே பெயர்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். சென்னைக்காரர்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். அங்கே மே நடுவிலேயே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. அது போன கையோடு வங்கக்கடலில் புயல் சின்னங்கள் உருவாகும் காலம் வருகிறது. மழையை ரசிக்கலாம், ஆனால் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. படகு ஓடாத ஊரில் காய்ச்சலுக்குக்கூடப் பயப்பட வேண்டும். டிசம்பர் கடைசி வாரத்தில் கடல் பரவாயில்லை, ஆனால் வாடகை ஏறியிருக்கும், டிக்கெட் கிடைக்காது. நாங்கள் போனது பிப்ரவரியில். வெயில் உண்டு, காற்றும் உண்டு.

2. காகிதங்களை எடுத்து வையுங்கள்

இந்தியக் குடிமக்கள் நீல் தீவுக்குப் போக அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம். நிக்கோபார் தீவுகளுக்கு மட்டும் தனி அனுமதி வேண்டும். அந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு யாராவது பயமுறுத்தினால் கவலைப்படாதீர்கள்.

ஆதார் அசல் ஒன்று, நகல் நான்கைந்து கொண்டுபோங்கள். படகுக் கவுன்டர், தங்குமிடம், வண்டி வாடகைக் கடை என்று எல்லா இடத்திலும் கேட்பார்கள். தீவில் நகல் எடுக்கும் கடை திறந்திருக்கும்போது கரன்ட் இருக்காது, கரன்ட் இருக்கும்போது கடை சாத்தியிருக்கும். எங்களுக்கு இரண்டு முறை இப்படி ஆனது.

அடுத்தது இனிஷியல். நம் ஆட்களுக்கு இதுதான் பெரிய கண்ணி. அம்மாவின் ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து மட்டும் இருக்கிறது. விமான டிக்கெட் எடுத்தபோது நான் அப்பா பெயரை முழுதாகப் போட்டேன். படகு டிக்கெட்டில் அந்த எழுத்தை மட்டும் போட்டேன். விமான டிக்கெட்டில் மட்டும் பெயர் வேறு மாதிரி நின்றது. விமான நிலைய வாசலில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். ஆதாரில் எப்படி இருக்கிறதோ, எழுத்து மாறாமல் அப்படியே எல்லா டிக்கெட்டிலும் போடுங்கள். எல்லாவற்றையும் அச்செடுத்து ஒரு பையில் வைத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், ஏன் என்று எட்டாவது படியில் தெரியும்.

3. விமானமா, கப்பலா?

சென்னையிலிருந்து நேரே நீல் தீவுக்கு எதுவும் போவதில்லை. முதலில் போர்ட் பிளேர் போக வேண்டும். விமானத்தில் இரண்டேகால் மணி நேரம். இருவருக்கும் சேர்த்துப் போக 12,600 ரூபாய் ஆனது. இரண்டு மாதம் முன்பே எடுத்த டிக்கெட் அது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து பயணிகள் கப்பலும் உண்டு. மாதத்துக்குச் சில நடைதான். போய்ச் சேரக் கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். பங்க் எனப்படும் பொதுப் படுக்கைதான் மலிவு, அதற்கு மேல் கேபின்கள். கப்பல் ஆசை இருந்தால் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது கப்பல் தேதி தள்ளிப்போனால் தங்குமிடம், படகு எல்லாமே சரிந்துவிடும்.

ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். போர்ட் பிளேர் 2024இலிருந்து ஸ்ரீ விஜய புரம். நீல் தீவு 2018 டிசம்பரிலிருந்து ஷஹீத் துவீப். பக்கத்து ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் துவீப். சில இடங்களில் பழைய பெயர், சில இடங்களில் புதிய பெயர். ஷஹீத், ஸ்வராஜ் இரண்டும் அவசரத்தில் ஒன்றுபோலத் தெரியும். ஹேவ்லாக்கில் நின்றுவிட்டு நீல் போகும் படகுகளும் உண்டு. எங்களோடு வந்த ஒரு குடும்பம் முதல் ஜெட்டியிலேயே, அதாவது ஹேவ்லாக் படகுத்துறையிலேயே, பெட்டிகளோடு இறங்கிவிட்டது. படகுக்காரப் பையன் ஓடிப்போய்த் திரும்பக் கூட்டி வந்தான்.

4. போர்ட் பிளேரில் ஓர் இரவு தங்குங்கள்

காலை விமானத்தில் போய் மதியப் படகைப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். வேண்டாம். படகுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஜெட்டியில் இருக்க வேண்டும். விமானம் தாமதமானால் அன்றைய கடைசிப் படகும் போய்விடும். அங்கே சீக்கிரமே இருட்டிவிடுவதால் படகுகளும் பகலோடு சரி.

அந்த மாலையை வீணாக்காமல் அபர்டீன் பஜாருக்குப் போங்கள். தமிழ் பேசும் கடைக்காரர்கள் நிறைய. தீவில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று அவர்களிடமே கேட்டு வாங்கலாம். "உளுந்து இங்கயே வாங்கிடும்மா, அங்க இருக்காது" என்று ஒரு கடைக்காரர் சொன்னது எங்களுக்கு ஒரு மாதமும் உதவியது.

5. படகு டிக்கெட்

இந்தப் படியில் நிதானமாக இருங்கள். பணமும் நாளும் போவது இங்கேதான்.

போர்ட் பிளேரிலிருந்து நீல் தீவு கடல்வழியாக சுமார் 36 கிலோமீட்டர். இரண்டு வகைப் படகுகள் ஓடுகின்றன. தனியார் படகில் ஏசி உண்டு, ஆன்லைனில் முன்கூட்டியே எடுக்கலாம், ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடும். ஹாடோ ஜெட்டியிலிருந்து புறப்படும். ஓர் ஆளுக்கு 1,350 ரூபாய் கொடுத்தோம்.

அரசுப் படகு பீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து. இரண்டு மணி நேரம் ஆகும், கட்டணம் தனியாரில் பாதிகூட இல்லை. மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். முட்டைக் கூடை, சிமென்ட் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று தீவு முழுவதும் அந்தப் படகில்தான் வருகிறது. ஆனால் தீவுவாசிகளுக்கு ஐலண்டர் கார்டு உண்டு, அவர்களுக்கே முன்னுரிமை. அது நியாயம்தான், அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் போக வேறு வழி இல்லை. மீதி இருக்கும் இடம்தான் நமக்கு. பயண நாளுக்குச் சில நாள் முன்புதான் டிக்கெட் திறக்கிறார்கள், உடனே தீர்ந்துவிடுகிறது.

என் யோசனை: போகும்போதும் திரும்பும்போதும் தனியார் படகு. நடுவில் ஏதாவது வேலையாக ஒரு நாள் போர்ட் பிளேர் போக நேர்ந்தால் அரசுப் படகு. அந்த அனுபவத்தை விட்டுவிடாதீர்கள்.

டிக்கெட் எடுக்கும்போதே, படகு ரத்தானால் பணம் எப்படித் திரும்பும், பெட்டிக்கு எத்தனை கிலோ வரை அனுமதி என்று இரண்டையும் படித்துவிடுங்கள். வாந்தி வருகிறவர்கள் ஏறுவதற்கு அரை மணி முன்பு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், பின்பக்கமாக, கீழ்த்தளத்தில் உட்காருங்கள்.

6. வீட்டைப் பார்த்துவிட்டு மாதக் கணக்கு பேசுங்கள்

சென்னையிலிருந்தே முப்பது நாளுக்கும் முன்பணம் கட்டியதுதான் நான் செய்த பெரிய தவறு. படத்தில் அழகாக இருந்த இடம். போனால், ஜன்னலைத் திறந்ததும் ஜெனரேட்டர். சமைக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். பாதிப் பணத்தைத்தான் மீட்க முடிந்தது.

முதல் மூன்று நாளுக்கு மட்டும் அறை எடுங்கள். பிறகு சைக்கிளில் ஊரைச் சுற்றுங்கள். ராம்நகர், சீதாப்பூர், பரத்பூர், லட்சுமண்பூர் என்று ஊர்ப் பெயர்களெல்லாம் ராமாயணத்திலிருந்து எடுத்தவை. கடற்கரையை ஒட்டி இருப்பவை ரிசார்ட் விலை. இரண்டு தெரு உள்ளே வந்தால், பாக்குத் தோப்பும் வயலுமாக இருக்கும் பகுதியில் வீட்டோடு ஒட்டிய அறைகளை மாத வாடகைக்குத் தருகிறார்கள். எங்களுக்கு ஒரு அறை, சிறிய சமையல் மேடை, கிணற்றடி சேர்த்து 15,000 ரூபாய்க்குக் கிடைத்தது. கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: சமைக்கலாமா, கேஸ் யாருடையது, கரன்ட் போனால் விளக்குக்கு என்ன வழி, குடிதண்ணீர் கேன் யார் கொண்டுவருவார்கள்.

7. பெட்டியில் என்ன வைப்பது

விமானத்தில் பொதுவாக ஆளுக்கு 15 கிலோதான். அதில் எதற்கு இடம் கொடுப்பது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை. கடைசியில் உபயோகப்பட்டவை இவை: சாம்பார் பொடி, புளி, நல்லெண்ணெய், காபிப் பொடி, பில்டர். அரிசியும் பருப்பும் தீவிலேயே வாங்கலாம். பால் பெரும்பாலும் பவுடர்தான் கிடைத்தது, அதிலும் காபி நன்றாகவே வந்தது. கத்தரி, வெண்டை, புடலை, வாழைக்காய் எல்லாம் அங்கேயே விளைகின்றன, வாடாமல் கிடைக்கும். மீன் கடையில் சுர்மை என்று சொன்னால் நம் வஞ்சிரம்.

அம்மாவின் பூஜைப் பையிலிருந்து கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். பெட்டிக்குள் வைத்தாலும் அனுமதி இல்லை. கொப்பரைத் தேங்காயும் அப்படித்தான். எண்ணெய் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள், நன்றாகக் கட்டிப் பெட்டியில் வையுங்கள்.

மருந்து மாத்திரை ஒரு மாதத்துக்கு வேண்டியதோடு பத்து நாளுக்குக் கூடுதலாக வையுங்கள். தீவில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அதற்கு மேல் என்றால் போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைதான், அதற்கும் கடலைத் தாண்ட வேண்டும். டார்ச் லைட், ரப்பர் அடிப்பாகம் உள்ள செருப்பு, மணல் ஈக்கு ஒரு களிம்பு. ஈக்கடி அரிக்கும், சொறியாதீர்கள், புண்ணாகிவிடும்.

8. பணமும் போனும்

ரொக்கம் கொண்டுபோங்கள். ஏடிஎம் இருக்கிறது என்பது உண்மை, அதில் எப்போதும் பணம் இருக்கும் என்று நம்ப முடியாது. யூபிஐ கடைகளில் உண்டு, சிக்னல் போனால் அதுவும் போச்சு. போர்ட் பிளேரிலேயே 20,000 ரூபாய் எடுத்து, நூறும் இருநூறுமாக மாற்றி வைத்துக்கொண்டோம்.

சென்னையிலிருந்து கடலுக்கடியில் அந்தமானுக்குப் போட்ட கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இன்டர்நெட் நன்றாக இருக்கும் என்று அதை நம்பித்தான் என் ஆபீஸ் வேலையையும் கையோடு கொண்டுபோனேன். போர்ட் பிளேரோடு வேறு ஏழு இடங்களுக்குத்தான் அந்த இணைப்பு திறந்தார்கள், அந்தப் பட்டியலில் நீல் இல்லை. காலையில் பரவாயில்லை, மாலையில் இழுக்கும், மழை வந்தால் சுத்தமாக நிற்கும். வீடியோ மீட்டிங்கை நம்பிப் போகாதீர்கள். விடுமுறை எடுத்துக்கொண்டு போவதே நிம்மதி.

9. கடிகாரத்தைத் தீவுக்கு மாற்றுங்கள்

மணி ஒன்றுதான், இந்திய நேரம்தான். ஆனால் தீவு சென்னைக்குக் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருப்பதால் சூரியன் நம்மைவிட 50 நிமிடம் முன்னாலேயே வருகிறது, முன்னாலேயே போகிறது. பிப்ரவரியில் ஐந்தே முக்காலுக்குள் வெளிச்சம் முற்றத்தில் இருக்கும். மாலை ஐந்தரைக்கு சூரியன் கடலுக்குள். ஆறரைக்கு ராத்திரி.

முதல் வாரம் நாங்கள் சென்னை நேரத்திலேயே இருந்தோம். எட்டு மணிக்கு எழுந்து பஜாருக்குப் போனால் நல்ல காயும் மீனும் தீர்ந்திருந்தன. மதியம் பன்னிரண்டுக்கு மேல் கடைகள் சாத்தி மூன்றுக்குத்தான் திறந்தன. இரவு எட்டரைக்குச் சாப்பாட்டுக் கடை தேடினால் ஊர் தூங்கிவிட்டது. மாற்றிக்கொண்டதும் எல்லாம் சுலபமானது. நாலரைக்கு எழுந்துவிடுங்கள். காபியைக் குடித்துவிட்டு ஜெட்டியிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சீதாப்பூர் கடற்கரைக்கு சைக்கிள் மிதியுங்கள். சாலை சமதளம், இரண்டு பக்கமும் வாழையும் பாக்கும் நெல்லும், நடுநடுவே காலையிலேயே முற்றம் பெருக்கும் பெண்கள். அங்கே சூரியன் கடலிலிருந்து எழுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் பஜாரில் காய் வாங்கினால், ஏழரைக்குள் பாதி நாள் வேலை முடிந்துவிடும்.

சைக்கிள் ஒரு நாளுக்கு 150 ரூபாய் சொன்னார்கள். மாதக் கணக்கில் பேசி 2,500க்கு எடுத்தேன். ஸ்கூட்டர் ஒரு நாளுக்கு 500. அம்மாவுக்கு ஆட்டோ. ஒரே ஆட்டோக்காரரை வைத்துக்கொண்டதால் அவரே எங்களுக்குச் செய்தித்தாள், வானிலை அறிக்கை, மீன் விலை எல்லாம்.

மாலைக்கு லட்சுமண்பூர். அங்கே கடல் மேற்கே பார்த்து இருக்கிறது. மெரினாவில் சூரியன் கடலில் உதிப்பதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, கடலில் சூரியன் இறங்குவதைப் பார்ப்பது முதலில் கணக்குத் தப்பியதுபோல இருக்கும். "அந்தப் பக்கமாத்தானே நம்ம ஊர்?" என்று அம்மா தினமும் கேட்பாள். அந்தப் பக்கம்தான். கடல் மஹுவா மரங்கள் தண்ணீர் வரை சாய்ந்து நிற்கும், அதில் ஒன்றின் வேரில் அவளுக்கென்று ஓர் இடம் வைத்திருந்தாள்.

10. கடல் வற்றும் நேரம் தெரிந்துகொள்ளுங்கள்

வந்த மறுநாள் மதியம் பரத்பூர் கடற்கரைக்குப் போனோம். "என்னடி இது, கடலையே காணோம்?" என்றாள் அம்மா. உண்மையிலேயே காணோம். படகுகள் சேற்றுமணலில் சாய்ந்து கிடந்தன. தண்ணீர் எங்கேயோ தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தது.

சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டரைச் சுற்றித்தான், நாம் கவனிப்பதே இல்லை. அங்கே பெரிய ஓதத்தில் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர். கரை சமதளமாக இருப்பதால் தண்ணீர் நீண்ட தூரம் உள்வாங்குகிறது. ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த வற்றலுக்கும் நடுவே ஆறு மணி நேரம் சொச்சம். ஒவ்வொரு நாளும் அந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை பத்துக்கு வற்றினால் நாளை பதினொன்றுக்குப் பத்து நிமிடம் முன்பு.

தினசரி நாட்காட்டியைக் கையோடு கொண்டுபோங்கள், மனதாரச் சொல்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் மிக அதிகமாக வற்றும், மிக அதிகமாக ஏறும். அஷ்டமி பக்கம் இரண்டும் குறைவு. இது தெரிந்தால் எந்த நாளில் எங்கே போவது என்று நீங்களே திட்டம் போடலாம். நீந்த வேண்டுமா, ஏற்றத்தில் போங்கள். லட்சுமண்பூரில் இன்னொரு கரையில் பாறையே பாலமாக வளைந்து நிற்கும் இடம் இருக்கிறது. அதற்குக் கடல் வற்றியிருந்தால்தான் நடந்து போக முடியும். பாறைக் குட்டைகளில் கடல் வெள்ளரி, நட்சத்திர மீன், நீல உதட்டைத் திறந்து மூடும் பெரிய சிப்பி எல்லாம் இருக்கும். மணலிலும் வெறும் பாறையிலும் மட்டும் கால் வையுங்கள், பவளத்தின் மேல் மிதிக்காதீர்கள். தண்ணீர் திரும்ப ஆரம்பித்ததும் கிளம்பிவிடுங்கள், அது நாம் நினைப்பதைவிட வேகமாக வரும்.

இருட்டிய பிறகு தண்ணீரில் இறங்கவே வேண்டாம். அந்தமான் கடலோரங்களில் உவர்நீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் பகலிலும் இறங்காதீர்கள்.

11. பேச்சுக்கு நாலு வார்த்தை

வீட்டுக்குள் வங்காளம், வெளியில் ஹிந்தி. ஆண்களை தாதா என்று கூப்பிடுங்கள். அண்ணன் என்று பொருள். வடசென்னையில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் என்பதால் அம்மாவுக்கு ஒரு வாரம் வாய் வரவில்லை. பிறகு "தாதா, பேகுன்" என்று அவளே கத்தரிக்காய் வாங்கினாள். அக்கா வயதுப் பெண்கள் தீதி, வயதானவர்கள் மாஷி, அதாவது சித்தி, பெரியம்மா. எங்கள் வீட்டு மாஷி எங்கள் ரசத்துக்குப் பதிலாகத் தினமும் ஏதாவது ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புவார். கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்காத பழக்கம் அங்கேயும் நம் ஊர்போலத்தான்.

12. திரும்புவதற்கு இரண்டு நாள் உதிரியாக வையுங்கள்

இதைப் படிக்காமல் போகாதீர்கள். எங்கள் விமானம் மாலை மூன்று மணிக்கு. அன்று காலைப் படகில் போனால் போதும் என்று இருந்தேன். காலை ஆறுக்குச் செய்தி வந்தது, கடல் சரியில்லை, படகு இல்லை. ஜெட்டியில் வெயில் அடித்தது, கரையோரம் அலைகூட இல்லை. ஆனால் நடுக்கடலில் காற்று இருந்திருக்கிறது. படகுப் பணம் திரும்ப வந்தது. விமான டிக்கெட் இரண்டும், 11,400 ரூபாய், போனது போனதுதான். மறுநாள் டிக்கெட்டுக்கு அதைவிட அதிகம் கொடுத்தோம்.

விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே தீவை விட்டுக் கிளம்புங்கள். படகு ஒழுங்காக ஓடினால் அந்த இரண்டு நாளில் போர்ட் பிளேரைச் சுற்றிப் பாருங்கள்.

கிளம்பும் முன் ராத்திரி பைகளையும் பாக்கெட்டுகளையும் கவிழ்த்துப் பாருங்கள். பவளத் துண்டு, சங்கு, சிப்பி எதுவும் ஊருக்கு வரக்கூடாது. பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, விமான நிலையத்தில் பிடிப்பார்கள். கடைகளில் வாங்கியதற்கு ரசீது வைத்திருங்கள். சட்டம் இருக்கட்டும், அந்தக் கரையில் காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டுகள் ஏராளம். வளர வளர பெரிய சங்காகப் பார்த்து வீடு மாறும். அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐந்து சங்குகளை மாஷி வீட்டுப் பையன் வாங்கிக்கொண்டு போய், தாழம்புதர் ஓரமாக, ஒவ்வொன்றாக மணலில் வைத்துவிட்டு வந்தான்.